தோற்றுக்கொடுத்தல் அன்பாகுமா?

குழந்தைக்கு நடை பழக்கும் பெரியோர் தம் நடையைச் சுருக்கிக்கொள்கின்றனர். பேச்சுப் பழக்கும்போது தம் சொல்லையும் மழலையாக்கிக்கொள்கின்றனர். இவற்றை எவரும் பொய் என்பதில்லை. அன்பு என்றே போற்றுகின்றோம். ஆனால், விளையாட்டில் பெயரனிடம் வேண்டுமென்றே தோற்கும் பாட்டனார் செய்வது அன்பா, பொய்யா? சிறிதெனத் தோன்றும் இவ்வினாவில் பெரியதோர் அறச்சிக்கல் அடங்கியிருக்கிறது.

நாம் வாழும் அத்திபெலேயில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஓசூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில், கருநாடக எல்லையை ஒட்டிய ஊர் இது. தாயும் தந்தையும் பணிக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஊரிலிருந்து வந்து தங்கும் தாத்தாவும் பாட்டியுமே பிள்ளைகளுக்கு மாலைநேரத் துணை. நடுவண் அரசு அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டி வைத்துவிட்டு நாம் வீடு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. எனவே விளையாட்டு என்னும் கல்வி மூத்தோர் கையில் உள்ளது. அவர்களோ தாயமும் பல்லாங்குழியும் அறிந்தவர்கள். சிலர் இளமையில் பூப்பந்து ஆடியவர்கள். பிள்ளைகள் கேட்பதோ பிக்கிள்பால்!

பெயரில் ஊறுகாய், பிறப்பில் குடும்பம்

பெயர் ஊறுகாயை நினைவூட்டினும் இவ்வாட்டம் அஞ்சத்தக்கதன்று. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில், விடுமுறையில் சலிப்புற்றிருந்த தம் வீட்டாருக்காக ஜோயல் பிரிட்சார்ட், பில் பெல் என்னும் நண்பர்கள் இதனைத் தொடங்கினர். இறகுப்பந்துக் களம் இருந்தது. உரிய மட்டைகள் இல்லை. மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட நெகிழிப் பந்தையும் கொண்டு ஆடினர். 60 அங்குல உயரத்தில் நின்ற வலை பின்னர் 36 அங்குலத்துக்குத் தாழ்ந்தது. பார்னி மெக்கல்லம் என்னும் நண்பரும் சேர்ந்து விதிகளுக்கு வடிவம் கொடுத்தார்.

இன்றும் களத்தின் அளவு 44 அடி நீளம், 20 அடி அகலம். இருவர் இருவராக ஆடும் இறகுப்பந்துக் களத்தின் அளவே இது. ஆதலால் குடியிருப்பு வளாகத்தில் முன்பே வரைந்த கோடுகள் தொடக்கத்திற்குப் போதும்.

எங்ஙனம் தொடங்குவது?

முதல் நாளிலேயே வெற்றி தோல்வி வேண்டா. மட்டையின்மேல் பந்தை மெல்லத் தட்டித் தட்டி நிறுத்தப் பழகட்டும். பின்னர் வலைக்கு அருகில் இருபுறமும் நின்று, பந்து தவறாமல் எத்தனை முறை வலையைக் கடக்கிறது என்று இருவரும் சேர்ந்து எண்ணலாம். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளை, இங்கே தாத்தாவோடு சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணும். இவ்வெண்ணிக்கையில் வென்றவரும் இல்லை; தோற்றவரும் இல்லை.

மூத்தோர்க்கும் ஒரு சொல் உண்டு. தலைக்கு மேல் செல்லும் பந்தைப் பின்னோக்கி நடந்து அடிக்க முயலுதல் ஆகாது; விழுந்தால் எலும்பு முறியும். “அது என்னால் இயலாது” என்று பந்தைப் போகவிடுவதே அறிவுடைமை. அவ்வாறு உள்ளதை உள்ளபடி சொல்வதும் பெயரனுக்கு ஒரு பாடமே.

சலுகையும் பொய்யும்

சிக்கல் தொடங்குவது, புள்ளிகளை எண்ணத் தொடங்கும் நாளில்தான். குழந்தையின் முகம் வாடுமே என்று தாத்தா பந்தை வலையில் அடித்துவிட்டு, “அடடா, தவறிவிட்டதே!” என்கிறார். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என வள்ளுவரே கூறியிருக்கின்றாரே என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆயினும் வள்ளுவர் இட்ட நிபந்தனையை மறத்தல் ஆகாது. விளையும் நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும்.

இந்நன்மை அத்தகையதா? வீட்டில் என்றும் வென்ற பிள்ளை, தன் வயதொத்தவரிடம் தோற்கும்போது மட்டையை வீசி எறிகிறது. அதனினும் பெருந்தீங்கு ஒன்றுண்டு. பிள்ளைகள் நாம் நினைப்பதினும் கூரியர். தாத்தா நடித்தார் என்பதை ஒருநாள் கண்டுகொள்வர். அன்று முதல், “நன்றாகப் படித்தாய், நன்றாகப் பாடினாய்” என்ற அவருடைய மெய்யான பாராட்டும் ஐயத்திற்கு உள்ளாகும். ஒரு புள்ளியைக் கொடுத்து நம்பிக்கையை இழத்தல் வாணிகத்திலும் நட்டமன்றோ?

அப்படியாயின் முதியவர் தம் முழுத்திறமையையும் காட்டிச் சிறுவனை வீழ்த்துவதுதான் அறமா? அதுவும் அன்று. வழி நடுவே இருக்கிறது: சலுகையை வெளிப்படையாகத் தருக. ஆட்டம் 11 புள்ளிகளுக்கு என்றால், “உனக்கு 5 புள்ளிகள் முன்னதாகத் தந்தேன்; இனி நான் விடமாட்டேன்” என்று சொல்லித் தொடங்குக. பிள்ளை வளர வளர ஐந்து மூன்றாகும், மூன்று ஒன்றுமில்லையாகும். அறிவித்துத் தருவது கொடை. மறைத்துத் தருவது ஏமாற்று.

இவ்வாட்டத்தின் விதிகளிலும் இந்நெறி அமைந்திருக்கக் காண்கின்றோம். வலையின் இருபுறமும் 7 அடிப் பகுதியில் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடித்தல் கூடாது. அப்பகுதியை ஆட்டக்காரர் ‘அடுக்களை’ என்னும் பொருள்பட வழங்குகின்றனர். முதல் வீச்சு இடுப்புக்குக் கீழிருந்து எழவேண்டும். வீச்சும் அதற்கான மறுமொழியும் தரையில் பட்ட பின்னரே அடிக்கப்பெறும். வலியோன் வலையருகே நின்று மெலியோனைத் தாக்காதவாறு சட்டமே காக்கிறது. அச்சட்டம் இருவர்க்கும் பொது, இருவரும் அறிந்தது.

நடுவர் இல்லாத ஆட்டத்தில், தம் பக்கத்துக் கோட்டில் பந்து உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று ஆடுவோரே கூறவேண்டும். ஐயம் எழுந்தால் எதிராளிக்குச் சார்பாகவே கூறுதல் விதி. “சரியாகத் தெரியவில்லை, ஆகவே புள்ளி உனக்கே” என்று தாத்தா சொல்லும் அந்த நொடியில், நூறு அறவுரைகள் கற்பிக்காததைப் பெயரன் கற்றுக்கொள்கிறான். மாநில எல்லையில் வாழும் நமக்குக் கோட்டின் அருமை புதிதன்றே!

டென்னிசு வீரர் இராமநாதன் கிருட்டிணன், தம் தந்தையார் டி. கே. இராமநாதனிடம் பயின்று 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். அவர் மகன் இரமேசு 1979இல் அதே பட்டத்தை வென்றார். மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் மட்டை பிடித்தது. எனினும் தந்தையின் புகழ் மகனுக்கு ஒரு புள்ளியையும் ஈட்டித் தரவில்லை. களம் உறவறியாது. அக்களத்திற்குப் பிள்ளையை ஆயத்தம் செய்வதே உறவின் கடமை.

தம்மினும் தம் மக்கள் அறிவுடையராதல் இனிது என்னும் குறள்நெறி விளையாட்டிற்கும் பொருந்தும். சலுகை ஏதுமின்றிப் பெயர்த்தி பாட்டியை மெய்யாகவே வெல்லும் நாள் ஒன்று வரும். முன்னர்ப் பொய்யாகத் தோற்றவர்க்கு அந்நாளின் இன்பம் கிட்டாது. வென்றவளுக்கும் அது மெய்யான வெற்றிதானா என்ற ஐயம் நீங்காது. அவ்வொரு நாளுக்காகப் பல நாள் நேர்மையாக வெல்வதும், வென்றபின் தோள்தட்டி மீண்டும் அழைப்பதும் மூத்தோர் செய்யத்தக்க அன்பு.