புள்ளலூரும் தோழமைக் கடனும்

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் கும்பினிப் படை ஐதர் அலியாலும் திப்புவாலும் வளைக்கப்பட்டு அழிந்தபோது, தளபதி ஹெக்டர் மன்றோவின் பெரும்படை இருபது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் காஞ்சியில் தங்கியிருந்தது. ஒரே போரில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் கைவிடலாகாது என்னும் கடமை எதுவரை செல்லும் என்ற கேள்வியை இந்த அளவுக்குக் கூர்மையாக எழுப்பும் நிகழ்ச்சி தொண்டை நாட்டு வரலாற்றில் அரிது.

உண்ட சோற்றுக்காகத் தலைவனுக்கு உயிரைத் தருவதாகிய செஞ்சோற்றுக்கடனைத் தமிழ் மரபு போற்றிப் பேசியிருக்கிறது. தோழமைக் கடன் அதனினும் வேறானது. பக்கத்தில் நிற்பவன் ஓடமாட்டான் என்ற நம்பிக்கையில்தான் ஒருவன் தன் உயிரைத் திறந்து வைக்கிறான் என்பதால், அந்த நம்பிக்கையை ஏற்றுக்கொண்டவன் அதைத் திருப்பித் தரவும் கடமைப்பட்டவனாகிறான். அன்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இக்கடன் நிற்கும்.

மன்றோவின் தரப்பிலும் நியாயம் உண்டு. காஞ்சியில் சேர்த்து வைத்திருந்த தானியமும் கனரகப் பீரங்கிகளும் எதிரியிடம் போனால் தம் படையே பட்டினியில் விழும் என்று அவர் அஞ்சினார். பெய்லி உதவி கேட்டபோது கர்னல் ஃபிளெட்சரின் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேரை இரவோடிரவாக அனுப்பியும் வைத்தார். வழிகாட்டிகளை நம்பாமல் பாதை மாற்றி நடந்து பெய்லியை அடைந்த அந்த ஆயிரவரும் அதே அழிவில் சிக்கினர். 10ஆம் தேதி காலை மன்றோ புறப்பட்டபோது காலம் கடந்திருந்தது. ஒரு பகுதியை அனுப்பிவிட்டுப் பெரும்பகுதியைப் பொருள்களுக்குக் காவல் வைத்தது கடனை முழுமையாக ஏற்கவும் மறுக்கவும் துணியாத முடிவு என்றே கூறவேண்டும். மறுநாள் பின்வாங்கும்போது எந்தப் பீரங்கிகளுக்காக அவர் காத்திருந்தாரோ அவற்றையே காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு நோக்கி நடந்தார் என்பது, ஆள்களுக்கு எதிராக அவர் தராசில் வைத்த பொருளின் உண்மை எடையைக் காட்டிவிடுகிறது.

ஆயினும் இவ்விவாதம் தளபதிகளோடு முடிந்துவிடுவதில்லை. பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்த வேளையில் வெள்ளையரோடு ஒரே சதுர அணியில் நின்றவர்கள். சிறையில் இறந்த பெய்லிக்குப் பின்னாளில் சீரங்கப்பட்டணத்தில் நினைவு மண்டபம் எழுந்தது. 1781 ஆகஸ்ட் 27 அன்று அதே புள்ளலூர்ப் பகுதியில் நடந்த மறுபோரில் வீழ்ந்த இரண்டு அதிகாரிகளுக்கும் அங்கே தூண்கள் நிற்கின்றன. சிப்பாய்களின் பெயர்களை அக்கற்கள் தாங்கவில்லை. களத்தில் அவர்களுடைய நிலைத்து நிற்றலை நம்பிப் பிழைக்க முயன்றவர்கள், களத்துக்கு வெளியே அவர்களைத் தோழராக எண்ணவில்லை. மன்றோவின் தாமதத்தைக் காட்டிலும் இக்கடன் தவறியது நீண்டது, அதற்கு அச்சத்தையோ பட்டினியையோ காரணம் காட்டவும் இயலாது.