ஜாபிதாக்காரரின் அறம்

அபுல் ஃபரஜ் முஹம்மத் இப்னு இஸ்ஹாக் என்பவரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சேர்த்தாலும் ஒரு பக்கம் தேறாது. பத்தாம் நூற்றாண்டு, பாக்தாத். தகப்பனார் புஸ்தக வியாபாரி. மகனுக்கும் அதே தொழில். அரபியில் அதற்கு 'வர்ராக்' என்று பெயர். காகிதம் வாங்குவது, பிரதி எடுப்பது, விற்பது எல்லாம் ஒரே ஆள். 'நதீம்' என்றால் அரசவைத் தோழர். அந்தப் பட்டம் இவருடையதா, இவர் முன்னோர் யாருடையதா என்று பண்டிதர்களுக்குள் தகராறு இருக்கிறது. இப்னு நதீம் என்று சொல்லி உலகம் பழகிவிட்டது. ஊரில் உள்ள ஆசிரியர்களின் வம்சம், தொழில், மரணம் எல்லாவற்றையும் சிரத்தையாகக் குறித்துக்கொண்ட மனுஷர். இவருடைய மரணத்துக்கு மட்டும் இரண்டு மூன்று வருஷங்கள் சொல்கிறார்கள்.

மிஞ்சியிருப்பது அவர் செய்த புஸ்தகம். 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்ற பெயர் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. நமது பழைய கச்சேரி பாஷையில் சொன்னால் ஜாபிதா. ஹிஜ்ரி 377, அதாவது கி.பி. 987–88, என்று தேதி போட்டிருக்கிறார். அரபு மொழியில், அரபு எழுத்தில் கிடைத்த புஸ்தகங்கள் அத்தனையையும், அவற்றை எழுதியவர்கள் அராபியராக இருந்தாலும் அந்நியராக இருந்தாலும், எழுதி வைப்பது என்பது திட்டம். பத்துப் பகுதிகள். வேதங்களும் எழுத்து வகைகளும், இலக்கணக்காரர்கள், சரித்திரக்காரர்கள், கவிகள், மத தர்க்கம், சட்டம் என்று ஆறு. பிறகு தத்துவமும் விஞ்ஞானமும். எட்டாவதில் கதைகள், மந்திர தந்திரம், செப்பிடு வித்தை. ஒன்பதாவதில் பிற மதங்கள். பத்தாவதில் ரசவாதம். குஸ்தாஃப் ஃப்ளூகல் என்ற ஜெர்மானியர் பதிப்பித்த அரபு மூலம் 1871–72ல் லைப்ஸிக்கில் வந்தது. பேயார்ட் டாட்ஜின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1970ல் கொலம்பியா பல்கலைக்கழக வெளியீடாக இரண்டு தொகுதிகளில் வந்தது. எனக்கு அரபி தெரியாது. நான் பேசுவது டாட்ஜை வைத்துக்கொண்டுதான்.

இதை ஏன் இந்தப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். ஜாபிதா என்ற சொல்லே நம்மிடையே ஒரு வசவாகிவிட்டது. க.நா.சு. திரும்பத் திரும்பப் பட்டியல் போட்டார் என்பதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் பலர். அவருக்குப் பிறகு பட்டியல் போட்டவர்களுக்கும் அதே மரியாதை கிடைத்தது. என் அக்கறை வேறு இடத்தில் இருக்கிறது. விமர்சகனின் பட்டியல் விலக்குவதால் உருவாகிறது: நூறு நாவலைப் படித்துப் பத்தைச் சொல்கிறான். வர்ராக்கின் பட்டியல் சேர்ப்பதால் உருவாகிறது. இந்த இரண்டும் ஒரே மனசாட்சிக்குள் இருக்க முடியுமா? தரமில்லாதது என்று நான் நினைக்கும் புஸ்தகத்தின் பெயரை எழுதி வைக்கும் கடமை எனக்கு உண்டா?

இப்னு நதீம் நடுநிலை என்ற பெயரில் அபிப்பிராயமே இல்லாமல் இருந்தவர் அல்ல. ஷியா. முஃதஸிலாக்கள் என்ற பகுத்தறிவுவாதிகளின்மேல் சாய்வு உள்ளவர். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தயங்கவில்லை. எட்டாவது பகுதியில் பாரசீகக் கதைத் தொகுதி ஒன்றைப் பற்றிச் சொல்கிறார்: 'ஹஸார் அஃப்ஸான்', ஆயிரம் கதைகள். இரவுதோறும் கதை சொல்லி, விடிந்ததும் பாதியில் நிறுத்தி, உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் ஷஹ்ரஸாத் அதில்தான் வருகிறாள். அதை முழுசாகப் பல தடவை பார்த்திருப்பதாகவும், உண்மையில் அது சாரமற்ற, உப்புச் சப்பில்லாத புஸ்தகம் என்றும் எழுதுகிறார். அந்தப் பாரசீக மூலம் இன்று இல்லை. அது இருந்தது, அரபு ஆயிரத்தொரு இரவுகளுக்கு முன்னோடி அதுதான் என்று சொல்ல நமக்கு இருக்கும் பழைய சாட்சிகள் சொற்பம். மஸூதி ஒருவர், இவர் ஒருவர். இவர் ரசனை குறைவானது என்று இன்று நாம் தாராளமாகச் சொல்லலாம். அப்படிச் சொல்லி வழக்காடுவதற்கான தஸ்தாவேஜை அவரேதான் நம்மிடம் கொடுத்திருக்கிறார். பிடிக்காத புஸ்தகத்தைப் பற்றி வாயே திறக்காமல் இருந்திருந்தால் அவர் ரசனையைக் குறை சொல்லக்கூட நமக்கு வழி இருந்திராது.

ஒன்பதாவது பகுதி இதைவிடக் கஷ்டமானது. மூன்றாம் நூற்றாண்டில் மெசபடோமியாவில் தோன்றிய மானியின் மதம் அப்பாஸியர் ஆட்சியில் வேட்டையாடப்பட்டது. அதைச் சேர்ந்தவன் என்று குற்றம் சாட்டினாலே தலை போகும் காலம் இருந்தது. இப்னு நதீம் அந்த மதத்தின் படைப்புக் கதையை விஸ்தாரமாகச் சொல்கிறார். மானியின் புஸ்தகங்கள் ஏழு, ஆறு ஸிரியாக் மொழியில், ஒன்று பாரசீகத்தில் என்று கணக்குச் சொல்கிறார். பிறகு ஒரு வரி. முயிஸ் அல்-தவ்லாவின் நாளில் பாக்தாதில் தனக்கு அவர்களில் முந்நூறு பேரைத் தெரியும் என்றும், இப்போது ஐந்து பேர்கூட இல்லை என்றும். அனுதாபம் இல்லை, சந்தோஷமும் இல்லை. தனக்கு நேரில் தெரிந்த ஆட்களை எண்ணிப் பார்த்து எழுதிய எண்ணிக்கை. அந்த மதம் பிற்பாடு பூமியிலிருந்தே போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டில் துர்ஃபான் மணலிலும் எகிப்திலும் ஏடுகள் கிடைக்கும்வரை, மானியைப் பற்றி விரோதிகள் எழுதிய கண்டனங்களுக்கு நடுவே, கண்டனத்தை நோக்கமாகக் கொள்ளாத வெகு சில சாட்சியங்களில் இந்த முஸ்லிம் புஸ்தக வியாபாரியுடையது ஒன்று.

இந்தியாவும் அங்கே வருகிறது. யஹ்யா இப்னு காலித் என்ற பர்மகி மந்திரி இங்கே ஓர் ஆளை அனுப்பி, மூலிகைகளைக் கொண்டுவரவும் மதங்களைப் பற்றி எழுதிவரவும் சொன்னார். அந்த அறிக்கையின் பிரதி ஒன்றைத் தான் பார்த்ததாகவும் அது தத்துவவாதி அல்-கிந்தியின் கையெழுத்தாகத் தெரிந்ததாகவும் இப்னு நதீம் குறிப்பிடுகிறார். சீனாவிலிருந்து திரும்பிய கிறிஸ்துவத் துறவி ஒருவரை பாக்தாதில் தேவாலயத்துக்குப் பின்புறம் சந்தித்து விசாரித்ததையும் சொல்கிறார். புஸ்தகம் முழுக்க இந்தப் பழக்கம் உண்டு: இது நான் பார்த்தது, இது இன்னார் கையெழுத்தில் பார்த்தது, இது இன்னார் சொல்லக் கேட்டது. நம் விமர்சனக் கட்டுரைகளில் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்பவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

அவருடைய சிநேகிதர் யஹ்யா இப்னு அதீ. கிறிஸ்துவர், அக்காலத்தில் பாக்தாதின் முதன்மையான தர்க்கவாதி, வயிற்றுப் பிழைப்புக்குப் பிரதி எடுப்பவர். ஏன் இப்படி ஓயாமல் எழுதுகிறீர் என்று இவர் ஒரு நாள் கடிந்துகொண்டிருக்கிறார். இதற்கே ஆச்சரியப்படுகிறீரா, தபரியின் குர்ஆன் விரிவுரையை இரண்டு தடவை பிரதி செய்து விற்றிருக்கிறேன், ஒரு பகலும் இரவுமாக நூறு ஏடு எழுதுவேன் என்ற கருத்தில் பதில் வந்திருக்கிறது. தனக்கு நம்பிக்கை இல்லாத வேதத்தின் உரையை அக்ஷரம் பிசகாமல் இரண்டு முறை எழுதிய கை. இதை அறம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார், கூலி வேலை.

கூலி வேலையின் அறத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். காரியாபட்டியில் பாங்க் குமாஸ்தாவாக இருக்கிறேன். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற பாதையில், கரிசலும் சீமைக்கருவேலுமாகக் கிடக்கும் ஊர். பத்து வருஷம் யாரும் தொடாத கணக்குகளில் உள்ள பணம் 2014ல் ஏற்பட்ட திட்டப்படி ரிசர்வ் பாங்கின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். ஆனால் கணக்குக்காரரின் பெயரை நாங்கள் அழிக்க முடியாது. அவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். கருவேல் மூட்டம் போட்டுக் கரி விற்ற பணம் நானூற்றுச் சொச்சம் போட்டுவிட்டு எங்கோ போனவரின் பெயரும், நாலு லட்சம் போட்டவரின் பெயரும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. தொகை வித்தியாசம் பக்கத்துக் கட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. அதை யாரும் மறைக்கவில்லை.

இதே ஊரில் பழைய பேப்பர் கடையில் புஸ்தகம் கிலோக் கணக்கு. பாக்தாதிலும் ஏமாற்று உண்டு போலிருக்கிறது. கவிகளைப் பற்றிய பகுதியில் ஒவ்வொருவருடைய கவிதையும் இத்தனை ஏடு என்று இப்னு நதீம் அளவு கொடுக்கிறார். கொடுக்கும்போது, ஏடு என்று நான் சொல்வது ஸுலைமானி அளவு, பக்கத்துக்கு இருபது வரி என்று விளக்கியும் வைக்கிறார். வாங்குகிறவன் தன் கையில் இருப்பது முழுசா குறையா என்று தெரிந்துகொள்ளலாம். அழகியல் பேசுகிறவர்களுக்கு இது அற்ப விஷயமாகப் படும். எனக்கு அந்த இருபது வரியில் வாசகன்மேல் உள்ள மரியாதை தெரிகிறது.

சேர்த்து எழுதுவதே புண்ணியம் என்று நான் சொல்லவில்லை. 1867ன் அச்சக, புஸ்தகப் பதிவுச் சட்டமும் ஒரு ஜாபிதாவை உண்டாக்கியது. சென்னை ராஜதானியில் அச்சான ஒவ்வொரு புஸ்தகமும் சர்க்காருக்கு வந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெயர், பக்கம், விலை, பிரதி எண்ணிக்கையோடு பட்டியல். 1857க்குப் பத்து வருஷம் கழித்து இவ்வளவு புஸ்தகப் பிரியம் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன், 1865ல், ஜான் மர்டாக் பாதிரியார் அச்சான தமிழ்ப் புஸ்தகங்களுக்கு வகைப்படுத்திய அட்டவணை செய்தார். இந்தத் தேசத்தார் என்ன படிக்கிறார்கள், எதை அச்சிட்டுக் கொடுத்து மாற்றலாம் என்பது நோக்கம். ஆராய்ச்சிக்காரர்கள் இன்று இரண்டுக்கும் கும்பிடு போடுகிறார்கள்; உபயோகம் அப்படி. வர்ராக்கின் ஜாபிதாவுக்கும் கோட்டையின் ஜாபிதாவுக்கும் வித்தியாசம் முழுமையில் இல்லை. கோட்டையின் குமாஸ்தா யாருக்கு எழுதினானோ அவன் அந்தப் புஸ்தகங்களைப் படிக்கப் போகிறவன் அல்ல. வர்ராக் எழுதியது வாங்க வருகிறவனுக்கு. ரசனையும் சாய்வும் தன்னுடையவை என்று தெரியும்படி, 'நான் பார்த்தேன்' என்று பேர் போட்டு எழுதியிருக்கிறார்.

நமக்கு வருகிறேன். சிறுபத்திரிகைச் சூழலில் கடுமையான தாக்குதலைவிட மோசமான ஆயுதம் ஒன்று இருக்கிறது: பேசாமல் இருப்பது. வேறு அணியைச் சேர்ந்தவனின் கவிதைத் தொகுதி வந்தால் மதிப்புரை கிடையாது, குறிப்புக் கிடையாது, எதிர்ப்புக்கூடக் கிடையாது. இதற்குத் தரம் என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம். முந்நூறு பிரதி அச்சிட்டு, இருநூறு கட்டிலுக்கடியில் கிடக்கும் புஸ்தகத்துக்கு இந்த மௌனம் என்ன செய்யும் என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். நன்றாக இல்லை என்று நாலு வரி திட்டினால்கூட அந்தப் புஸ்தகம் இருந்ததற்கு ரசீது கிடைக்கும்.

எழுதி வைக்காததன் விலை தமிழுக்குப் புதிதல்ல. மயிலை சீனி. வேங்கடசாமி 1959ல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற புஸ்தகத்தைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட வாத்தியார். உரையாசிரியர்கள் போகிற போக்கில் சொன்ன பெயர்களையும், மேற்கோளாகத் தப்பிய செய்யுள்களையும் பொறுக்கி எடுத்துச் செய்த வேலை அது. வளையாபதி முழுசாக இல்லை, குண்டலகேசி முழுசாக இல்லை. நீலகேசியின் உரை, புறத்திரட்டு போன்றவற்றில் ஒட்டிக்கொண்டு வந்த செய்யுள்கள்தான் மிச்சம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குண்டலகேசி பௌத்த நூல். அதை மறுக்க எழுந்த ஜைன நூல் நீலகேசி. எதிரியின் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு சண்டை போட்டதால் எதிரியின் பாட்டும் கொஞ்சம் பிழைத்தது. நம் பாணியில் மௌனமாக இருந்திருந்தால் அதுவும் கிடைத்திராது.

1981 ஜூன் முதல் தேதி இரவு யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 புஸ்தகங்களும் சுவடிகளும் போயின என்கிறார்கள். எரித்தவர்களுக்குத் தரம் பற்றிய கவலை இல்லை. நல்ல நாவலும் மட்டமான நாவலும் ஒரே நெருப்பில் போயின. 1258ல் ஹூலாகுவின் படை பாக்தாதுக்குள் புகுந்தபோதும் அப்படித்தான். இப்னு நதீம் பெயர் சொல்லும் புஸ்தகங்களில் மிகப் பெரும்பகுதி இன்று இல்லை. அந்த ஒரு படையெடுப்புத்தான் காரணம் என்று சொல்ல முடியாது, கறையானும் அலட்சியமும் அதைவிட அதிகம் செய்திருக்கும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, வலுவானதே. இன்று வருகிற அத்தனையையும் எழுதி வைத்தால் நல்லது எங்கே தெரியும்? குப்பையில் புதைவதும் ஒரு வகை மறைவுதானே? க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டுச் சில புஸ்தகங்களை மட்டும் எடுத்துச் சொன்னது, சந்தைச் சரக்கு எல்லாவற்றையும் மூடிவிடும் என்ற பயத்தால்தான். அந்தப் பயம் நியாயமானது. தேர்வு வேண்டாம் என்று நான் சொன்னால் விமர்சனத்தைக் கைவிடுகிறேன் என்று அர்த்தம். ஆனால் தேர்வு என்பது, தேர்ந்தெடுக்காமல் விட்டவை எவை என்று பார்க்க முடிகிற இடத்தில்தான் தேர்வாக இருக்கும். நிராகரித்தது கண்ணில் படாதபோது வாசகன் என்னை நம்ப மட்டுமே முடியும், சோதிக்க முடியாது. சிவகங்கைச் சீமையில் வில்லியப்ப பிள்ளை தாது வருஷப் பஞ்சத்தை வைத்துப் பாடிய 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' இருக்கிறது. சுத்த கவிதை என்ற தராசில் அது எவ்வளவு நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இந்த வறண்ட பூமியில் 1876–78ல் ஜனங்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்கிறவனுக்கு அது வேறு தராசில் நிற்கும். அவனுடைய தராசை நான் இப்போதே உடைத்துப் போடுவதற்கு எனக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

ஃபிஹ்ரிஸ்தின் பழைய பிரதிகளில் நடுநடுவே வெற்றிடங்கள் இருக்கின்றன. மரண வருஷம் தெரியாத இடத்தில், புஸ்தகப் பெயர் முழுசாகக் கிடைக்காத இடத்தில், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று அவரே விட்டவை என்கிறார்கள். பிரதி எடுத்தவர்களில் சிலர் அந்த வெற்றிடங்களையும் சேர்த்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள்.

நம் பத்திரிகைகளில் கடைசிப் பக்கத்தில் 'வரப்பெற்றோம்' என்று ஒரு பகுதி இருந்தது. சிலதில் இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் இடமில்லை என்று முதலில் வெட்டப்படுவது அதுதான். அதைத் திரும்பக் கொண்டுவரும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். யார் அனுப்பினாலும் போட வேண்டும்: புஸ்தகத்தின் பெயர், ஆசிரியர், பக்கம், விலை, கிடைக்குமிடம், படித்தவர் ஒரு வரி அபிப்பிராயம், அபிப்பிராயத்துக்குக் கீழே அவர் பெயர். மோசம் என்றால் மோசம் என்றே போடலாம். காரியாபட்டிக்கு வருகிற புஸ்தகங்களை நான் எழுதித் தருகிறேன்.