உபயம் அனுப்பினால் கடமை தீருமா?

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று பெரியோர் வகுத்த முறையில் தெய்வத்துக்கு முன்னே பெற்றோர் நிற்கின்றனர். ஆலயத்தில் கூடும் அடியார்கள் இவ்வரிசையைச் சிந்திப்பது நன்று.

திருகோணமலை மாவட்டத்துக் கிராமங்களில் பல வீடுகளில் முதியோர் மட்டுமே உள்ளனர். பிள்ளைகளோ கொழும்பிலும் கட்டாரிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006ஆம் ஆண்டு யுத்தத்தால் இடம்பெயர்ந்தனர். கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் வாழ்ந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே காணிகளைத் திரும்பப் பெற்றனர். ஐம்பது வயதில் ஊரைவிட்டவர் அறுபதில் திரும்பினார். பத்து வயதில் வெளியேறிய பிள்ளைக்கோ இருபது வயதாகிவிட்டது. மண் ஒன்றாயினும் இருவர் மனமும் அதனை ஒரேவிதமாகத் தேடும் என எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே பிழைப்புக்காகப் பிரிந்தவரை நன்றி கெட்டவர் எனப் பழிப்பது தர்மமாகாது. அவர்கள் அனுப்பும் பணத்தாலேயே பல வீடுகளில் உலை கொதிக்கிறது. பல ஆலயங்களில் திருவிழா உபயமும் நடைபெறுகிறது.

ஆயினும் உபயப் பணத்தால் பூவும் பாலும் எண்ணெயும் வரும். சுவாமி வீதியுலா வருவதற்குத் தோள் வேண்டும். பெற்றோர் விடயமும் இத்தகையதே. மருந்துக்குப் பணம் வரும். கிளினிக் நாளில் கைபிடித்து பஸ் ஏற்றிவிட ஒருவர் வேண்டும். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. அதன்கீழ் அமைந்த பராமரிப்புச் சபை மாதாந்தக் கொடுப்பனவைக் கட்டளையிடலாம். இரவில் இருமல் கேட்டு எழுந்து வரும்படி எச்சபையும் கட்டளையிட முடியாது. சட்டம் நிற்குமிடத்தில் தர்மம் தொடங்குகிறது.

அத்தர்மம் மூவருக்கு உரியது. தூரத்துப் பிள்ளை பணத்தோடு பேச்சையும் இயன்றபோது வருகையையும் தரவேண்டும். ஊரிலுள்ள இளைஞர் அயல்வீட்டு முதியவரைக் கவனிப்பதையும் சரியைத் தொண்டாகக் கொள்ளவேண்டும். அவர்களையும் உபயகாரராக மதிப்பது ஊரின் கடன். முதியோர்க்கும் கடமையுண்டு. ஆலயத் திறப்பையும் பொறுப்பையும் இறுதிவரை இடுப்பிற் செருகி வைத்திராமல், கையிற் பலமுள்ளபோதே கற்பித்துக் கையளிக்க வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் திருக்கோணேசர் ஆலயத்தை இடித்தனர். அக்காலத்தில் அடியார் மண்ணுள் மறைத்தவை எனக் கருதப்படும் திருவுருவங்கள் 1950ஆம் ஆண்டு கிணறு வெட்டுகையில் வெளிப்பட்டன; புதிய ஆலயத்தின் கும்பாபிஷேகம் 1963இல் நிறைவேறியது. மறைத்தவர், தாம் காணப்போகாத பிள்ளைகளை நம்பியே அதனைச் செய்தனர். வெட்டியெடுத்தவர், தாம் கண்டிராத முன்னோரின் பொருளைத் தமதெனப் போற்றினர். முன்னூறு ஆண்டு இடைவெளியிலும் அறாத அந்த உறவு, ஒரே காலத்தில் வாழும் பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் இடையில் அறுந்துபோக விடலாகாது. கோணைநாதர் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.