கடன் கொடுத்தவரின் கணக்கு

கடனைப் பற்றி எமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. தாலிக்கொடியை அடகு வைத்து, காணியை ஈடு வைத்து, உறவினரிடம் கைமாற்று வாங்கித்தான் எம்மிற் பலர் இந்த நாடுகளுக்கு வந்து சேர்ந்தோம். முதல் சில வருட உழைப்பு பெரும்பாலும் அந்தக் கடனுக்கே போயிற்று. கடன்பட்டவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றி எம்மிடம் ஏராளமான அறிவுரைகள் உண்டு. கடன் கொடுத்தவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் அதிகம் பேசியதில்லை. அறாவட்டிக்காரன் என்ற வசைச்சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் வட்டியைக் குறைத்து, சட்டத்தை மீறாமல் ஒருவனை வீதிக்குக் கொண்டுவரவும் முடியும். அதை என்னவென்று சொல்வது?

இந்தக் கேள்வியை எம்மவர் கதையொன்றை வைத்துப் பேசினால் உடனே ஆட்களும் ஊர்களும் குறுக்கே வந்துவிடும். ஆகவே எமக்கு உறவோ பகையோ இல்லாத ஓர் இடத்துக்குப் போவோம்.

அமெரிக்காவின் நெவாடாப் பகுதியில் 1859இல் பெரும் வெள்ளிப் படிவமொன்று வெளிப்பட்டது. கொம்ஸ்ரொக் என்று அதற்குப் பெயர். மரமடர்ந்திராத மலைச்சரிவில் வேர்ஜினியா சிற்றி என்ற நகரம் சில வருடங்களுக்குள் எழுந்தது. சுரங்கம் தோண்டுவதற்கும், தாதுக்கல்லை இடித்து வெள்ளியைப் பிரிக்கும் ஆலைகளை அமைப்பதற்கும் பணம் வேண்டியிருந்தது. அங்கே பணம் தேடியவர்கள் மாதத்துக்கு 3 முதல் 5 வீதம் வரை வட்டி கட்டினார்கள். வருடத்துக்கல்ல, மாதத்துக்கு.

1864இல் சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா வங்கி தொடங்கப்பட்டது. அதை இயக்கியவர் வில்லியம் ரால்ஸ்ரன். வேர்ஜினியா சிற்றியில் வங்கியின் முகவராக அவர் அனுப்பிய வில்லியம் ஷரன், பங்குச் சூதிற் பெருந்தொகையை இழந்து நொடித்திருந்தவர். ஷரன் செய்த முதற் காரியம் வட்டியை மாதத்துக்கு 2 வீதமாகக் குறைத்தது. ஆலைக்காரர்கள் மகிழ்ச்சியோடு வந்து கடன் பெற்றார்கள். பழைய கடனை அடைத்தார்கள், ஆலையைப் பெருப்பித்தார்கள். ஈடாக அந்த ஆலையையே எழுதிக் கொடுத்தார்கள்.

மேல்மட்டத்துத் தாது குறையத் தொடங்கியது. இருக்கும் தாதுவுக்கு ஆலைகள் மிஞ்சிப் போயின. தவணை தவறியது. வங்கி ஆலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. 1867இல் அவற்றை ஒன்றிணைத்துத் தனிக் கம்பனி அமைக்கப்பட்டது. முக்கியமான சுரங்கங்கள் பலவும் வங்கிக்காரரின் ஆதிக்கத்துக்குள் வந்ததால், அங்கு வெட்டப்பட்ட தாது அவர்களுடைய ஆலைகளுக்கே போயிற்று. தாது கிடைக்காத மற்றைய ஆலைகளும் வீழ்ந்தன. 1869இல் தாதுவை ஏற்றி இறக்க ரயில் பாதையும் அவர்களாலேயே அமைக்கப்பட்டது.

இங்கே சட்டம் எங்கே மீறப்பட்டது? கடன் வாங்கியவர்கள் சிறுபிள்ளைகள் அல்லர். பத்திரத்தை வாசித்துத்தான் கையெழுத்திட்டார்கள். வங்கி வந்திராவிட்டால் 5 வீத வட்டியில் இன்னும் முன்னதாகவே அழிந்திருப்பார்கள் என்றும் வாதிடலாம். அந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. கொடுப்பவன் இல்லாவிட்டால் எந்த நகரமும் எழுவதில்லை. எம்மிற் பலர் விமானம் ஏறியிருக்கவும் முடியாது.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கடன் கொடுத்தவரின் நன்மை எதில் இருக்கிறது? பணம் திரும்பி வருவதிலா, வராமற் போவதிலா? திரும்பி வருவதில் என்றால் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே படகில் இருக்கிறார்கள். வராமற் போவதில் என்றால் அதற்குக் கடன் என்று பெயர் வைப்பதே பிழை. ஒருவன் விற்க விரும்பாத பொருளை அரைவிலைக்கு வாங்கும் வழி அது. தாது எந்த ஆலைக்குப் போகவேண்டும் என்று தீர்மானிப்பவரும் கடன் கொடுத்தவருமாக ஒரே ஆள் அமைந்துவிட்டால், வாங்கியவனின் தோல்வியே அவருடைய கைக்குள் வந்துவிடுகிறது. குற்றம் வட்டி வீதத்தில் இல்லை, இந்த இடத்தில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம்.

இனி ரால்ஸ்ரனிடம் வருவோம். ஷரன் கணக்கு மனிதர் என்றால் இவர் கனவு மனிதர். சான் பிரான்சிஸ்கோவைப் பெருநகராக்க வேண்டும் என்ற ஆசையில் நாடகசாலை, கம்பளி ஆலை, தளபாடத் தொழிற்சாலை என்று பணத்தை இறைத்தார். பலஸ் ஹோட்டல் என்ற மாபெரும் விடுதியைக் கட்டத் தொடங்கினார். நகரின் தண்ணீர்க் கம்பனியையும் வாங்க முயன்றார். கைதிறந்து கொடுப்பவர் என்பதால் நகரம் அவரை நேசித்தது. ஆனால் அந்தப் பணத்திற் பெரும்பகுதி வங்கியின் பணம்.

1875 ஓகஸ்ட் 26ஆம் திகதி பணத்தை மீளப் பெறச் சனம் வங்கியை முற்றுகையிட்டது. கதவுகள் மூடப்பட்டன. மறுநாள் பணிப்பாளர்கள் ரால்ஸ்ரனிடம் பதவி விலகல் கடிதம் கேட்டு வாங்கினார்கள். அன்று மாலை வழக்கம்போல் கடலில் நீந்தப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. வயது 49. தற்கொலையா, உடல் தளர்ந்ததா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. ஆயிரக்கணக்கானோர் அவரது இறுதி ஊர்வலத்திற் கலந்துகொண்டார்கள்.

ஷரன் அந்த வருடமே அமெரிக்க செனற் சபை உறுப்பினராகியிருந்தார். ரால்ஸ்ரனின் சொத்துகள் அவரிடமே வந்தன, ஹோட்டலும்தான்.

கதை இங்கே முடிந்தால் தீர்ப்பு எளிது. இளகிய நெஞ்சுக்காரன் மாண்டான், கல்நெஞ்சுக்காரன் வென்றான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வங்கி ஒக்டோபர் 2ஆம் திகதி மீண்டும் திறந்தது. வைப்பிலிட்டவர்களுக்குப் பணம் கிடைத்தது. அதற்கான பெருந்தொகையைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் அதே ஷரன்தான். தன் நலனுக்காகச் செய்திருக்கலாம். ஆயினும் ஒரு தச்சனின் சேமிப்பு அவனுக்குத் திரும்பிக் கிடைத்தது ரால்ஸ்ரனின் தாராளத்தால் அல்ல.

எம்மவரிடையே நடக்கும் சீட்டுகளை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. பத்திரமில்லை, சாட்சியில்லை; வாய்ச்சொல்லில் ஓடுவது அது. சீட்டுப் பிடிப்பவர் பெரும்பாலும் நல்ல மனிதராகவே இருப்பார். ஒருவரின் செத்தவீட்டுச் செலவுக்கு இன்னொருவரின் சீட்டுக்காசை எடுத்துக் கொடுப்பார். அடுத்த மாதம் சமாளிக்கலாம் என்று நினைப்பார். ஒரு மாதம் சமாளிக்க முடியாமற் போகும். அப்போதும் "பாவம், நல்ல மனுசன்" என்கிறோம். அவர் நல்லவர்தான். ஆனால் யாருடைய காசைக் கொண்டு நல்லவரானார் என்று கேட்க எமக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் காசுக்கு உரியவரும் கொடுக்கச் சம்மதித்திருக்கலாம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. கொடுக்கும் உரிமையும் மறுக்கும் உரிமையும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டன.

ஷரன் கடனாளியிடம் மறைத்தார். ரால்ஸ்ரன் வைப்பாளரிடம் மறைத்தார். இருவரது பேரேட்டிலும் ஏறாத கணக்கு ஒன்றும் உண்டு. அந்த மண் வாஷோ, பையூட் மக்களின் மண். வாஷோ மக்களுக்கு உணவு தந்த பைன் மரங்கள் விறகுக்கும் கரிக்கும் வெட்டப்பட்டன. தாஹோ ஏரிக்கரைக் காடுகள் சுரங்கத்துக்கு முட்டுக்கட்டைகளாயின. ஒரு காலத்தில் 20,000 பேருக்கு மேல் வாழ்ந்த வேர்ஜினியா சிற்றியில் இன்று சில நூறு பேரே வாழ்கிறார்கள். வெள்ளியின் இலாபம் சான் பிரான்சிஸ்கோவில் மாளிகைகளாயிற்று. நிலத்தை இழந்தவர்களுக்கு அங்கே தவணையும் இல்லை, ஈடும் இல்லை. நிலத்தை விட்டு வந்த நாம் இந்தப் பகுதியைத் தாண்டி வாசிக்க முடியாது.

இனிமேல் யாரிடமாவது காசைக் கொடுக்கும்போதோ வாங்கும்போதோ, அவர் நல்லவரா என்று விசாரிப்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. நான் தவறி விழுந்தால் இவருக்கு நட்டமா, இலாபமா? என் காசு இப்போது எங்கே நிற்கிறது? இந்த இரண்டையும் முகம் சுளிக்காமல் கேட்கவும், முகம் சுளிக்காமல் பதில் சொல்லவும் பழகினால், நல்லவர் என்ற சொல்லை நாம் இவ்வளவு அடிக்கடி பயன்படுத்த வேண்டியிராது.