மணல் பரப்பிய ஆலயம்

கரீபியக் கடலில் குராசோ தீவின் வில்லெம்ஸ்டாட் துறைமுகத்தை முதன்முறை அடைகிறவனுக்கு, மஞ்சளும் நீலமும் செம்மையுமாக நீர்க்கரையில் தோளுரசி நிற்கும் டச்சுக்காரர் மாளிகைகள் கண்ணுக்கு விருந்துதான். வெள்ளைச் சுவர்களின் கூச்சத்தால் தலைவலி கண்ட கவர்னர் ஒருவரின் உத்தரவே இந்த வர்ண வைபவத்துக்குக் காரணம் என்னும் கதையையும் ஊரார் சொல்லத் தவறுவதில்லை. ஆனால் என் சித்தம் லயித்தது, 1732-இல் எழுந்த யூதர் ஆலயத்தில், காலடி ஓசையை விழுங்கிக்கொள்ளும் மணல் தரையில்தான். போர்த்துகலில் மதவிசாரணைக்கு அஞ்சி ரகசியமாக ஆராதித்த முன்னோர், அரவம் வெளியே கேளாதிருக்க மணல் பரப்பியதன் ஸ்மரணை அது என்கிறார்கள். எகிப்தின் அடிமைத்தளை நீங்கி யூதர் நாற்பதாண்டு அலைந்த பாலைவனத்தின் அடையாளம் என்பாரும் உண்டு. (என் செருப்பில் ஒட்டிய மணல் மாலைவரை போகவில்லை.)

அடைக்கலம் நாடியவர்க்கு இடங்கொடுத்த இதே துறைமுகத்தில்தான் ஆப்பிரிக்க மக்கள் சரக்காக இறக்கி விற்கப்பட்டனர். வாங்கியவர்களில் கிறிஸ்தவரும் இருந்தனர், அம்மணலில் நின்று விடுதலையின் கதையைக் கேட்டவரும் இருந்தனர். தன் துன்பத்தை நினைவில் ஏந்தும் பக்தி, பிறர் துன்பத்தின் முன் ஏன் கண்மூடிக்கொள்கிறது? இதை ஒரு சமயத்தின் குறையென்பது பேதைமை. நினைவு தானாகவே கருணையாகக் கனிந்துவிடுவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இத்தீவில் 1795-இல் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய தூலா கொல்லப்பட்டான். சட்டப்படி விடுதலை வந்தது 1863-இல்.