நல்ல கண்ணி வரும் வரை

பட்டினப்பாக்கம் கடற்கரையில் விடிகாலையில் இரண்டு வேலைகள் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும். படகுகளின் ஓரமாக உட்கார்ந்து மீனவர்கள் வலையைச் சரிபார்ப்பார்கள். சற்றுத் தள்ளி மணலில் கம்பு நட்டுப் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்ததைப் பார்த்தேன். கோல் கம்புகளில் கட்டியிருந்த பழைய மீன்வலை கிழிந்துபோயிருந்தது. பையன் ஒருவன் அதைச் சுருட்டி எடுத்துவந்து ஒரு பெரியவரின் முன்னால் போட்டான்.

அவர் உடனே ஊசியை எடுக்கவில்லை. கத்தியை எடுத்தார். கிழிசலைச் சுற்றிப் பிய்ந்து தொங்கிய நூல்களை ஒவ்வொன்றாக அறுத்தார். சின்னதாக இருந்த ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. பையனுக்குப் பொறுக்கவில்லை. "தாத்தா, இன்னா இன்னும் பெருசா அறுக்கற?" என்றான். பெரியவர் தலை நிமிராமல் சொன்னார்: "நைஞ்ச நூல்ல முடிச்சு நிக்காதுடா. நல்ல கண்ணி வர்ற வரைக்கும் அறுக்கணும்."

பிறகுதான் ஊசி வந்தது. விரலை வைத்து அளந்து, ஒரு முடிச்சு, அடுத்த முடிச்சு என்று நிதானமாகப் போட்டார். முக்கால் மணி நேரத்தில் வலை கம்பில் ஏறிவிட்டது. அவர் சொன்ன சொல் மட்டும் என்னோடு மயிலாப்பூர் வரை நடந்து வந்தது.

அந்தச் சொல் விழுந்து எழும் அணிகளை நினைவூட்டியது. கால்பந்து உலகில் ஒரு கடுமையான வழக்கம் உண்டு. லீக் முடியும்போது கடைசி இடங்களில் நிற்கும் அணிகளைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். இறங்கிய அணியை விட்டு நல்ல வீரர்கள் போவார்கள். பணம் கொடுத்தவர்கள் விலகுவார்கள். பார்க்க வருகிறவர்கள் குறைவார்கள். மைதானம் அதேதான், சட்டையும் அதேதான். ஆனாலும் முதல் நாள் பயிற்சிக்கு வருகிறவனுக்கு எல்லாமே அந்நியமாகத் தெரியும். பெரிய கிளப்புக்கே இது பெரிய அடி. சின்னக் கிளப்புக்கு உயிர்ப் பிரச்சினை.

நம் ஊரில் இதற்கு நெருக்கமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2018 மார்ச் 17 அன்று, பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று, சென்னையின் எஃப்சி இரண்டாவது முறையாக இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை எடுத்துவந்தது. அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்கள், இரண்டே வெற்றி, 9 புள்ளிகள். பத்து அணிகளில் பத்தாவது இடம். ஐஎஸ்எல்லில் அப்போது கீழே இறக்கும் விதி இல்லாததால் இடம் தப்பியது. ஆனால் திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி, பார்க் டவுனில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்த ரசிகனுக்கு விதிப்புத்தகம் என்ன ஆறுதல் தரும்? அவன் மனசுக்குள் அணி இறங்கித்தான் இருந்தது.

அடுத்த பருவமும் நல்லபடியாகத் தொடங்கவில்லை. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் ஜான் கிரெகரி 2019 நவம்பர் முடிவில் பொறுப்பிலிருந்து விலகினார். நைந்த நூலை அறுக்கும் வேளை அது. அறுபடுவது எப்போதும் கெட்டதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. நேற்றுவரை பாரம் தாங்கிய நூலும் ஒருநாள் நையும். அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் அறுக்கவேண்டும்.

டிசம்பரில் புதிய பயிற்சியாளராக ஓவன் காயில் வந்தார். அதே வீரர்களை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், பிரேசிலின் கிரிவெல்லாரோ, நம் நாட்டு இளைஞர்கள் அனிருத் தாப்பா, சாங்டே எல்லாரும் அந்தப் பருவத்தின் தொடக்கத் தோல்விகளின் போதும் அங்கேயே இருந்தவர்கள்தான். அவர்களுக்கு இடையில் முடிச்சுகள் விழத் தொடங்கின. 29 புள்ளிகளோடு நான்காவது இடம். அரையிறுதியில், லீக்கில் முதலிடம் பிடித்திருந்த கோவா அணியை இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 6-5 என்று தாண்டினார்கள். அந்தப் பருவத்தில் வால்ஸ்கிஸ் அடித்தவை 15 கோல்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பூம்பாவையின் நினைவு வரும். மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பழகிய கதைதான். சிவநேசர் என்ற வணிகரின் மகள் பூம்பாவை, பூப்பறிக்கப் போனபோது பாம்பு தீண்டி இறந்தாள். தகப்பனார் எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டு, கன்னிமாடத்தில் வைத்துக் காத்துவந்தார். பின்னர் ஞானசம்பந்தர் மயிலைக்கு வந்து பதிகம் பாட, குடத்திலிருந்து அவள் எழுந்தாள் என்கிறது பெரியபுராணம். பங்குனித் திருவிழாவில், அறுபத்துமூவர் புறப்பாட்டு நாளின் காலையில், கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் இன்றும் இதை நிகழ்த்திக் காட்டுகிறார்கள்.

அந்தப் பதிகத்தில் சம்பந்தர் என்ன சொல்லி அவளை அழைத்தார் என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. போனதைச் சொல்லி அவர் அழவில்லை. மயிலையில் ஆண்டு முழுக்க நடக்கும் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைக் காணாமலா போவாய் என்று கேட்டார். ஓண விழா, கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று வரிசையாக வருகின்றன. இனி வரப்போகும் நாட்களின் பெயரைச் சொல்லி ஓர் உயிரைத் திரும்பக் கூப்பிட்டார்.

விழுந்த அணியை எழுப்புவதும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய கோப்பையை எத்தனை முறை துடைத்தாலும் அது கூப்பிடாது. அடுத்த சனிக்கிழமை ஆட்டம் கூப்பிடும். செவ்வாய்க்கிழமைப் பயிற்சி கூப்பிடும். அட்டவணையில் இருக்கும் அந்தச் சாதாரண நாள்தான் உயிரைத் திருப்பிக் கொண்டுவருகிறது. ஆனால் கூப்பிடுகிறவர் வரும்வரை குடத்தை யாராவது காத்துவர வேண்டும். சிவநேசர் சாம்பலைக் கடலில் கரைத்திருந்தால் சம்பந்தர் எதைப் பார்த்துப் பாடியிருப்பார்?

குடத்தைக் காத்தவர்கள் மயிலையில் மட்டும் இல்லை. பெர்லின் நகரின் கிழக்குப் பகுதியில் யூனியன் பெர்லின் என்ற கிளப் இருக்கிறது. 2004, 2005 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு படி இறங்கி நான்காம் பிரிவுக்குப் போனது. பண நெருக்கடியில் தவித்த 2004-ஆம் ஆண்டில் அதன் ரசிகர்கள் ரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கிளப்புக்குத் தந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, 2008-09இல், பழுதான ஸ்டேடியத்தைத் தங்கள் கையாலேயே கட்டினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், கூலி இல்லாமல், சுமார் 1,40,000 மணி நேரம் உழைத்தார்கள். 2019இல் அந்த அணி ஜெர்மனியின் முதல் பிரிவில் கால் வைத்தது.

இதற்கு நம்மிடம் ஒரு சொல் உண்டு: உழவாரப் பணி. திருநாவுக்கரசர் கையில் உழவாரப் படையோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கினார். பாடத் தெரிந்தவர், பதிகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் புல்லையும் செதுக்கினார். பெர்லினில் சிமெண்ட் கலந்தவர்களுக்குத் திருநாவுக்கரசரைத் தெரிந்திருக்காது. அதனால் என்ன? நேசிக்கும் இடத்துக்குக் கையால் ஒரு வேலை செய்தால் மனம் தானாகச் சுத்தமாகும் என்பது எல்லா ஊருக்கும் பொது.

இனி, சென்னை அணியின் கதைக்கு முடிவைச் சொல்லவேண்டும். 2020 மார்ச் 14 அன்று கோவாவின் ஃபதோர்தா மைதானத்தில் இறுதி ஆட்டம். கொரோனா அச்சத்தால் பார்வையாளர்களை அனுமதிக்கவில்லை. கடைசி இடத்திலிருந்து அவ்வளவு தூரம் ஏறிவந்த சென்னை அணி, வெற்று நாற்காலிகளுக்கு முன்னால் ஆடி, கொல்கத்தா அணியிடம் 3-1 என்று தோற்றது.

முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. இன்று அது நிறைவாகத் தெரிகிறது. பூம்பாவை எழுந்ததும் சிவநேசர் அவளைச் சம்பந்தருக்கே மணம்செய்து தர முன்வந்தார். சம்பந்தர் மறுத்துவிட்டார். உயிர் தந்தவன் தகப்பன் ஆகிறான் என்பது அவர் கொண்ட முறை. எழுப்புவது மட்டுமே அவர் வேலை. பலனை எடுத்துக்கொள்ளாமல் அடுத்த தலத்துக்கு நடந்தார். மீண்டு எழுவதற்குக் கூலி கோப்பை என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. எழுந்ததே கூலி. கோப்பை வந்தால் வரட்டும்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் இப்போது கடைசி இடத்தில் நின்றுகொண்டிருக்கலாம். தொழிலில், படிப்பில், உடம்பில், உறவில். உங்களிடம் வேண்டுவது மூன்றுதான். நைந்ததைத் தயங்காமல் அறுங்கள், நல்ல கண்ணி வரும் வரை. மிச்சம் இருப்பதைக் குடத்தில் இட்டுப் பத்திரமாகக் காத்துவாருங்கள். அடுத்து வரும் நல்ல நாளின் பெயரைச் சொல்லி உங்களை நீங்களே கூப்பிடுங்கள். அது பெரிய நாளாக இருக்கவேண்டியதில்லை. நாளைக் காலை ஆறு மணி போதும்.