முப்பது வயதில் தட்டடவு

கும்பகோணத்துக்கு வடகிழக்கே, நெல்வயல்களுக்கு நடுவில் இருக்கிறது பந்தநல்லூர். தஞ்சை நால்வர் என்ற நடன ஆசிரியச் சகோதரர்களின் வழிவந்த நட்டுவனார், அதாவது நடன ஆசிரியர், மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊர். ஏழெட்டு வயதில் தொடங்க வேண்டிய பரதநாட்டியத்தை அவரிடம் முப்பதை ஒட்டிய வயதில் கற்க வந்தார் ருக்மிணி தேவி. 1904இல் பிறந்தவர்; உலகம் சுற்றியவர்; ஓரளவு பாலேவும் பயின்றவர். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பாடம் கேட்டிருந்தார். இருந்தாலும் பந்தநல்லூர் பாணியில் யாருக்கும் முதல் படி அடவு என்ற அடிப்படை அசைவுதான்.

வளர்ந்த உடம்புக்கு அதில் என்ன கஷ்டம்? முழங்காலை மடித்து அரைமண்டியில் அமரும்போது முழங்கால்கள் பக்கவாட்டில் விரிய வேண்டும். அந்த விரிவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அவசரப்பட்டுப் பாதத்தை மட்டும் திருப்பினால் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கி வலிக்கும். முதுகு நேராக நிற்க, தொடை எரிய, உள்ளங்கால் முழுவதும் தரையில் பட 'தெய்யா தெய்' என்று தட்ட வேண்டும். ஆசிரியர் தாளம் தட்டும் கழியின் ஓசை தவறாது, கால்தான் தவறும்.

இந்தக் கஷ்டத்தை நட்டுவனார்கள் பிரித்துக் கொடுத்த விதம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வர்ணம் என்ற நீண்ட உருப்படி முழுவதையும் நினைத்தால் மலைப்பாக இருக்கும். இன்றைக்குக் காலைத் தட்டும் ஒரு தட்டடவு மட்டும் என்றால் உடம்பு ஒப்புக்கொள்ளும். அதையே மூன்று காலத்தில் செய்ய வேண்டும்: இரண்டாம் காலத்தில் இரட்டிப்பு வேகம், மூன்றாம் காலத்தில் நான்கு மடங்கு. புதிதாக வருபவர்கள் மூன்றாம் காலத்துக்குத்தான் பயப்படுவார்கள். உண்மையில் ஆளைக் காட்டிக்கொடுப்பது முதல் காலம். வேகத்தில் மறைந்துவிடும் தள்ளாட்டம், மெதுவாக ஆடும்போது அப்பட்டமாகத் தெரியும். அங்கே வெட்கப்படுகிறவர் நின்றுவிடுவார். எங்கே தள்ளாடுகிறோம் என்று பார்க்கிறவருக்கு அடுத்த நாள் பாடம் கையில் இருக்கும். வெளியில் பேரும் மரியாதையும் உள்ள ஒருவர், வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகளின் பாடத்தை அப்படி விடாமல் தொடர்ந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

1935 டிசம்பரில், அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அவர் மேடையேறினார். மறு ஆண்டே அவருடைய கலைப்பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவர் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும் அங்கே கற்பித்தார்கள். மேடையேறியவரின் துணிச்சலைப் பேசும் அளவுக்கு, அந்த உடம்பைப் படிப்படியாகப் பழக்கிய குடும்பங்களை நாம் பேசுவதில்லை என்பது என் வருத்தம். பரதத்தின் பழைய வடிவமான சதிரைத் தலைமுறை தலைமுறையாக ஆடிய பெண்களின் கால்களில் தேறிய பாடம் அது.

இன்றைக்கும் நல்ல வகுப்பில் மூன்றாம் காலத்தில் அரைமண்டி எழும்பிவிட்டால், ஆசிரியர் கழியை நிறுத்தி முதல் காலத்துக்கு இறக்கிவிடுவார். பத்து வயதுப் பிள்ளைக்கும் ஐம்பது வயதில் சேர்ந்தவருக்கும் அதே கணக்குத்தான்.